பந்தும் பாவையும்

"பந்தை உதைக்கவா பெண்ணைப் பெற்றோம்?"

கேட்பவர் கொடியவரல்லர். மகள் கல்லூரி காண வேண்டும் என்பதற்காகக் கடன்பட்டவர். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கண்ணுறங்காதவர். மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலே, மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும், இந்தக் கேள்வி கோபமாக எழுவதைவிடக் கவலையாக எழுவதே மிகுதி. அதனாலேயே இதற்கு விடையளிப்பது கடினமாகிறது. தடியுடன் வருபவனைத் தடுத்து நிறுத்தலாம். கனிவுடன் வந்து கதவைத் தாழிடுபவரை என் செய்வது, தோழர்களே!

கேள்வியைப் பழித்துவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. அது எங்கிருந்து வருகிறது, எவர் நலனைக் காக்கிறது என்று எடுத்து வைத்துப் பார்க்கவே விரும்புகிறோம். அதற்குக் கற்பனைக் கதை எதுவும் வேண்டியதில்லை. மதுரைக்கு அருகிலேயே ஒரு கழகத்தின் வரலாறு இருக்கிறது.

காரியாபட்டிக்கு அருகே புல்லூரிலே சேது தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஆட்சிக் கணக்கில் அது விருதுநகர் மாவட்டம். பேச்சிலும் பேருந்திலும் மதுரைப் பக்கம். அக்கல்லூரியின் ஆதரவிலே 2016ஆம் ஆண்டில் தோன்றியது சேது கால்பந்துக் கழகம். பெண்கள் ஆடும் கழகம். (கழகம் என்றதும் நம் தோழர்களுக்கு மேடையும் ஒலிபெருக்கியுமே நினைவுக்கு வரும். வள்ளுவரோ சூது பற்றிய அதிகாரத்தில் சூதாடும் இடத்துக்கே அச்சொல்லை ஆள்கிறார். சொல்லும் திருந்துகிறது, மனிதர் திருந்தத்தான் நாளாகிறது!)

தோன்றி மூன்றாண்டு. 2019 மே 22. பஞ்சாபிலே லூதியானா நகரம். இந்திய மகளிர் லீக்கின் இறுதி ஆட்டம். எதிரே நின்றது மணிப்பூர்க் காவல்துறை அணி. மணிப்பூர் என்றால் என்னவென்பதை ஆட்டம் அறிந்தவர் அறிவர். மகளிருக்கான தேசியப் போட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட முறை வாகை சூடிய மாநிலம் அது. அங்கே பெண் பந்தாடுவது வியப்புக்குரிய செய்தியன்று, அன்றாட வாழ்க்கை. அந்த அணியை 3-1 என்ற கணக்கில் வென்று, நாட்டின் மகளிர் கழகங்களிலே முதலிடம் பெற்றது மதுரைப் பக்கத்துக் கழகம். 2022 மே 26 அன்று புவனேசுவரத்திலே மீண்டும் அந்த உச்சிக்கு அருகில் வந்தது. அதுவரை ஆடிய ஆட்டங்கள் அனைத்தையும் வென்று வந்த இரு அணிகள், சேதுவும் கேரளத்துக் கோகுலமும், கடைசி ஆட்டத்திலே மோதின. சேது 1-3 எனத் தோற்று இரண்டாமிடம் பெற்றது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 வரை இந்த லீக் ஏதேனும் ஒரே நகரத்தில், சில வாரங்களுக்குள், எல்லா அணிகளையும் கூட்டி வைத்து நடத்தி முடிக்கப்பட்டது. ஆகவே மதுரையின் பெயரைச் சுமந்த மங்கையர் லூதியானாவிலே வென்றனர், புவனேசுவரத்திலே தோற்றனர். வெற்றியும் தோல்வியும் அயலூர் மண்ணிலே. வைகைக் கரையிலே நின்று கைதட்டும் வாய்ப்பு மதுரை மக்களுக்கு வாய்க்கவில்லை. தம் ஊர்ப் பெண்கள் நாட்டிலேயே முதலிடம் பெற்றதை அறியாத இளைஞரை இன்றும் நாம் சந்திக்கிறோம். ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டக்காரர் பெயர்களையெல்லாம் அடுக்கடுக்காய் ஒப்பிக்கும் அதே இளைஞரை!

இனிக் கேள்விக்கு வருவோம். பெண்ணின் உடல் பந்தாட்டத்துக்கு ஏற்றதன்று, பெண்ணின் அடக்கத்துக்கு அது பொருந்தாது என்கிறார்கள்.

உடலைப் பற்றியா கவலை? வயலிலே நாற்று நடும் பெண்ணை எவர் தடுத்தார்? காலை முதல் உச்சிவேளை வரை இடுப்பொடியக் குனிந்து, சேலையை வரிந்து கட்டி, முழங்கால் சேற்றிலே அவள் நிற்கையில், "ஐயோ, அடக்கம் போயிற்றே" என்று அலறிய ஆன்றோர் உண்டா? செங்கற்சூளையிலே சுமை தூக்கினாள். கட்டட வேலையிலே சித்தாளாகச் சாரம் ஏறினாள். பஞ்சாலையிலே தூசியை விழுங்கினாள். வைகை வறண்ட நாட்களில் தலையிலொரு குடம், இடுப்பிலொரு குடமாக நடந்தாள். மெல்லியலாள் என்ற அழகிய சொல் அப்போதெல்லாம் எவர் நாவிலும் எழவில்லை. அவள் பிறருக்காக வியர்க்கலாம், அது கடமை. தனக்காக, ஓடுவதற்காகவே ஓடி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தால், அது கேடு! களைப்பை அவளுக்குத் தாராளமாகக் கொடுத்தவர்கள் களிப்பை மட்டும் கணக்குப் பார்த்து மறுத்தனர்.

இது தமிழகத்தின் நோய் மட்டுமோ என்றால், அன்று. கால்பந்துக்குத் தாயகம் எனப்படும் இங்கிலாந்தின் கதையைக் கேளுங்கள். வடக்கே பிரஸ்டன் நகரிலே டிக், கெர் என்ற பெயரில் ஒரு தொழிற்சாலை. முதல் உலகப் போர் மூண்டது. ஆடவர் போர்முனை ஏகினர். தொழிற்சாலை போர்க்கருவி செய்யும் கூடமாயிற்று. பெண்கள் உள்ளே புகுந்தனர். ஓய்வு வேளையிலே முற்றத்தில் பந்தை உதைத்தனர். உதைத்தவர்கள் அணியாயினர். எந்த லீக்கிலும் இடம்பெறாத, ஆலை வாயிலிலே பிறந்த சிறு கழகம். 1917 கிறிஸ்துமஸ் நாளன்று, காயமுற்ற வீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட டீப்டேல் மைதானத்திலே அவர்கள் ஆடியபோது 10,000 பேர் திரண்டனர். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கிலே 53,000 பேர்! இடமின்றி வெளியே நின்றோர் பல்லாயிரவர். லில்லி பார் என்ற பெண் அந்த அணியிலே சேர்ந்தது அதே 1920இல்தான். வயது பதினைந்து அளவே.

அடுத்த ஆண்டு, 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் பெரியவர்கள் கூடினர். இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்றனர். சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் தம் மைதானங்களை அவர்களுக்குத் தரலாகாது என்று தீர்மானித்தனர். வசூலான தொகையில் அறத்துக்குச் சென்ற பங்கு போதாது என்று ஒரு குறையையும் சேர்த்துக்கொண்டனர். போர்க்கருவி செய்தபோது ஏற்றதாக இருந்த உடல், போர் முடிந்து மூன்றாண்டில் பந்துக்கு ஏலாததாயிற்று! முறையையும் நோக்குங்கள். "ஆடாதே" என்று எவரையும் சிறையிலிடவில்லை. இடத்தைப் பறித்தனர், அவ்வளவே. தடை நீங்க 1970 வரை ஆயிற்று. அந்தக் கழகமோ கிடைத்த திடல்களில் ஆடி, கடல் கடந்து 1922இல் அமெரிக்கா சென்று ஆடவர் அணிகளுடனும் மோதி, கடைசியில் 1965இல் கலைந்தது. ஐந்தாண்டுக்குப் பின் வந்த விடுதலையால் அதற்கென்ன பயன்? சங்கம் 2008இல் மன்னிப்புக் கேட்டதாம்; லில்லி பார் இறந்து முப்பதாண்டு கழித்து.

மதுரைக்கோ இவ்வகையிலே ஒரு பழங்கதையே இருக்கிறது. தடாதகை என்றொரு அரசி. வாளும் வில்லும் பயின்று, முடி சூடி, திசையெல்லாம் வென்று கயிலை வரை சென்றாளாம். அங்கே சிவனைக் கண்டாள். நாணித் தலை கவிழ்ந்தாள். அத்துடன் போர் முடிந்தது, மணம் தொடங்கியது. ஆண்டுதோறும் சித்திரையிலே பட்டாபிஷேகம், திக்கு விஜயம், திருக்கல்யாணம் என்று இதே வரிசையில் விழா நடக்கிறது. கதையை நாம் நம்புவதில்லை. கதை கட்டியவனின் மனத்தைத்தான் ஆராய்கிறோம். பெண் வெல்லலாம் என்று எண்ணிப் பார்க்கும் துணிவு அவனுக்கு இருந்தது. வெற்றிக்குப் பின் அவள் என்ன செய்வாள் என்று எண்ணும்போதுதான் அவன் கை நடுங்கியது. எதிரே ஓர் ஆண் வந்து நின்றதும் வில்லை நழுவ விட்டுவிட்டான்.

பழமை பேசுவோர்க்கு இன்னொன்றும் சொல்வோம். பந்து தமிழ்ப் பெண்ணுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலே கந்துகவரி என்றே ஒரு பகுதி இருக்கிறது. கந்துகம் என்றால் பந்து, ஆடுவோர் பெண்கள். ஆனால் இதை நாம் சான்றாகக் காட்டி உரிமை கேட்கவில்லை. இளங்கோ பாடாது விட்டிருப்பினும் உரிமை உரிமைதான்.

நம் தோழர்களிடம் ஒரு சொல். பெண்களுக்காக வாதாடும்போது நம்மில் பலர் ஒரு பிழை செய்கிறோம். "பாருங்கள், கோப்பை கொண்டு வந்தார்கள்! கடலூர் இந்துமதி கதிரேசன் நாட்டுக்காக ஆடினார், காவல்துறையிலே அதிகாரியானார்! ஆகவே ஆட விடுங்கள்" என்கிறோம். உண்மைதான்; மகிழ்ச்சிதான். தமிழகப் பெண்கள் 2018இல் கட்டாக்கிலே மணிப்பூரை 2-1 என வென்று தேசியப் பட்டம் பெற்றதையும் நாமே முழங்கினோம். எனினும், பயனைக் காட்டிப் பெறும் அனுமதி, பயன் குறைந்த மறுநாளே பறிபோகும். பிரஸ்டன் பெண்கள் அறத்துக்காக ஆடினார்கள். அந்த அறக்கணக்கைக் கொண்டே குற்றம் சாட்டப்பட்டார்கள்!

வெற்றியும் கேடயமாவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டிலே 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனை என்றார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள், செய்தியை ஊரறியச் செய்தார்கள். செங்கற்சூளைத் தொழிலாளரின் மகள் அவர். சூளையிலே உழைப்போரிடம் எவரும் உடற்சோதனை கேட்பதில்லை. ஓடி வென்ற பிறகே கேட்டார்கள்.

ஆகவே, கோப்பை கொணராத பெண்ணை முன்னிறுத்தியே நாம் வழக்காட வேண்டியிருக்கிறது. பந்தை உதைத்தால் வேலிக்கு வெளியே போகிறது. மூன்றாம் நிமிடத்திலே மூச்சிரைக்கிறது. பத்தாண்டு ஆடினாலும் மாவட்ட அணிக்குக்கூடத் தேர்வாக மாட்டாள். அவளுக்கு மைதானத்தில் இடம் உண்டா? தெருவிலே பந்தடிக்கும் பையன்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்களே. "நீ என்ன பதக்கம் வென்றாய்?" என்று கேட்டு அவர்களை எவரும் விரட்டுவதில்லை. மாலை நேரம் அவர்களுடையது என்பதற்கு அவர்கள் காரணம் காட்ட வேண்டியதில்லை.

"சாதி ஒழியவில்லை, வயிற்றுப்பாடு தீரவில்லை, பந்தா இப்போது பெரிது?" என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். மதிக்கத்தக்க கேள்வி. நாம் அவரிடம் சொன்னது இதுதான்: ஓய்வு என்பது உண்டு முடித்தவனின் ஆடம்பரம் என்று நினைத்தால், உழைப்பவனுக்கு எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியது எதற்காக? மிச்ச நேரம் அவனுடையது என்பதற்காகத்தானே! அந்த மிச்ச நேரம் வீட்டுக்குள்ளே வந்தவுடன் ஆணுக்கு மட்டும் மிச்சமாகிறது, பெண்ணுக்கு அடுப்பாகிறது. தோழர் உடனே ஒப்பவில்லை. ஆனால் அவருக்கு எட்டாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள் என்பதைப் பேச்சின் நடுவே சொன்னார்.

இடத்துக்குத் திரும்புவோம், ஏனெனில் பிரஸ்டனில் பறித்தது இடத்தைத்தான். சேது கழகத்துக்கு ஒரு கல்லூரி கை கொடுத்தது, பாராட்டுகிறோம். ஆயினும் எந்த ஊரிலும், எந்தக் கழகத்துக்கும், ஒருவரின் நல்லெண்ணம் ஒன்றே தூணாக இருப்பது ஆபத்து. கொடுப்பவர் மனம் மாறலாம், பணம் தீரலாம். ஊர்ப் பொதுத்திடலும் அரசுப் பள்ளி மைதானமும் அப்படியல்ல. அவை வரிப்பணத்தில் ஆனவை, அவ்வரியில் பெண்ணின் கூலியும் கலந்திருக்கிறது. அங்கே அவள் நிற்பதற்கு எவருடைய கருணையும் தேவையில்லை. நடப்பது என்ன? கால அட்டவணையிலே விளையாட்டு வேளை என்று எழுதியிருக்கும், கணக்கு ஆசிரியர் அதைக் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததில்லை. பள்ளி விட்டபின் பையன்கள் பந்துடன் நிற்பார்கள். பெண்கள் தண்ணீர் பிடிக்கப் போவார்கள்.

படிப்பகத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். இந்த வாரத்தில் ஒரு மாலை உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துக்குச் செல்லுங்கள். ஐந்து மணியிலிருந்து ஆறு மணிவரை நில்லுங்கள். உள்ளே ஆடுகிற பெண்கள் எத்தனை பேர், தம்பியின் புத்தகப்பையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நிற்கிற பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணி, ஊர்ப்பெயருடன் ஓர் அஞ்சலட்டையில் நமக்கு எழுதியனுப்புங்கள். வந்தவற்றை வெளியிடுவோம்.