உடன்படுதலும் வினையே



ஊன் உண்ணோம், கதிரவன் சாய்ந்தபின் உண்ணோம், நீரை வடிகட்டிப் பருகுவோம். இவை நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் படிந்த ஒழுக்கங்கள். எனினும் கொல்லாமையை நாம் அடுக்களையோடு நிறுத்திவிடுகிறோமோ என்னும் ஐயம் விடுமுறை நாட்களில் எழுகின்றது.

மார்கழி, தை மாதங்களில் நம் குடும்பங்கள் பல வேடந்தாங்கலுக்குச் செல்கின்றன. வந்தவாசி, காஞ்சிப் பகுதியினர்க்கு அது ஒருநாட் பயணமே. அவ்வேரியின் நீருள் நிற்கும் மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இமயத்திற்கு அப்பாலிருந்து வருகின்றன. இன்று எல்லார் கையிலும் படக்கருவி உண்டு. படமெடுப்பதில் உயிர்க்கு என்ன ஊறு என்று இளையோர் கேட்கின்றனர். முறையான கேள்வியே.

அமர்ந்த பறவையைவிடப் பறக்கும் பறவையின் படம் அழகு என்பதால் சிலர் கைதட்டுகின்றனர், சிறுகல் எறிகின்றனர். நண்பகலில் தாய்நாரை சிறகு விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் தரும். அது அஞ்சி எழுந்தால் குஞ்சு வெயிலில் வாடும். முட்டையைக் காகம் கவரும். விழிப்பின்மையாகிய பிரமாதத்தால் உயிர்க்கு ஊறு செய்வதையே உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சை என்கிறார். கொல்லும் நோக்கம் இல்லை என்பது மட்டும் போதாது.

மனம், மொழி, மெய் மூன்றாலும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை ஒன்பது வகைப்படும் என்பதை நாம் அறிவோம். கைதட்டிய சிறுவன் செய்தான். 'தட்டு, தம்பி' என்ற தந்தை செய்வித்தார். வீட்டிலிருந்தபடி அப்படத்தைக் கண்டு 'அருமை' என்று வியந்த பாட்டியார் உடன்பட்டார். மூவருள் பாட்டியாரின் பங்கே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. அந்தப் பாராட்டை நாடியே அடுத்த ஆண்டும் கல் எறியப்படும். 'இதை எப்படி எடுத்தாய், கண்ணே?' என்று அவர் ஒருமுறை வினவியிருந்தால் போதும்; சிறுவன் சிந்தித்திருப்பான்.

அவ்வூரார் சமணர் அல்லர். படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது ஆங்கிலேய ஆட்சியரிடம் முறையிட்டு, 1798 இல் காக்கும் உரிமை பெற்றவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதால் பயன் கருதியே காத்தனர் என்பாரும் உளர். இருக்கட்டுமே! 2022 இல் வேடந்தாங்கல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது இவர்கள் காத்ததன் பயன் அன்றோ? பகவான் மகாவீரர் வீடுபேறுற்ற தீபாவளி நாளில் பறவைகளுக்காக வெடி வெடிக்காத ஊர் அது. நம் தெருக்களில் அந்நாள் எவ்வாறு கழிகின்றது?

பறக்கும் படம் வேண்டுவோர் மாலை நான்கு மணிக்குமேல் கரையிலோ காட்சிக் கோபுரத்திலோ அமைதியாக நிற்கலாம். இரை தேடச் சென்றவை கூட்டங்கூட்டமாகத் தாமே திரும்பும். பொழுது சாயுமுன் உண்ண வேண்டிய நாம், கட்டுச்சோற்றை வண்டி நிற்கும் இடத்திலேயே உண்டு முடித்துக் கரையேறுவது நன்று. கரையில் பருக்கை சிந்தினால் காகம் கூடும்.