யார் கணக்கில் எழுதுவது?

சங்கராபுரத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் காத்திருந்தபோது மண்டபத்தின் பின்பக்கம் 'டப்... டப்...' என்று சத்தம். போய்ப் பார்த்தேன். குப்பை அள்ள வந்த அம்மா, பழைய டியூப்லைட்டுகளைச் சுவரோரம் ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். மண்டபத்தை எல்.இ.டி.க்கு மாற்றினார்களாம். கழற்றிப் போட்டது முப்பதாவது இருக்கும்.

"ஏம்மா உடைக்கிறீங்க?"

"நாலடி நீளம் சார். உடைச்சாத்தானே சாக்குல அடங்கும்?"

நியாயமான பதில். எனக்குத்தான் அதற்கப்புறம் சாம்பார் சாதம் இறங்கவில்லை.

ஒவ்வொரு குழாயிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பால்பாயின்ட் பேனா முனையளவுதான். எரியும்வரை வம்பில்லை. உடைந்தால் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். வீட்டில் எப்போதோ ஒன்று உடைந்தால் யாரும் செத்துவிடப் போவதில்லை. ஆனால், உடைப்பதே வேலையாக இருப்பவருக்கு? நரம்பையும் சிறுநீரகத்தையும் மெதுவாகப் பிடிக்கிற விஷம் அது.

பாதரசம் என்றால் நமக்குக் கொடைக்கானல் ஞாபகம் வரும். அமெரிக்காவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் 7.4 டன் பாதரசக் கண்ணாடிக் கழிவைக் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. 591 தொழிலாளர்களோடு ஹிந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தபோது 2016 ஆகிவிட்டது. பதினைந்து வருஷம்! ஆனாலும் சண்டை போட அங்கே ஒரு முகவரி இருந்தது.

டியூப்லைட்டுக்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவீர்கள்? மண்டபக்காரரிடமா, எலெக்ட்ரீஷியனிடமா? ஆளுக்கு ஒரு சொம்பு பால் ஊற்றச் சொன்ன ராஜாவின் அண்டாவில் விடிந்து பார்த்தால் வெறும் தண்ணீர் இருந்த கதைதான். 'என் ஒரு சொம்பு தெரியவா போகிறது?'

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இது கணக்காகத்தான் தெரிகிறது. நாம் டியூப்லைட்டுக்குக் கொடுத்த விலையில் ஒரு செலவு விடுபட்டிருக்கிறது. விடுபட்ட செலவு காணாமல் போகாது. யார் தலையிலாவது பற்று எழுதப்படும். கொடுக்கிற நம் கையில் அது சில்லறை. ஊர்ச் சில்லறை முழுக்க அந்த அம்மாவின் நுரையீரலில் மொத்தமாக வரவாகிறது. என் பங்கு சின்னது என்று நான் சொல்வது அவரிடம் செல்லுமா?

சட்டம் இருக்கிறது. டியூப்லைட்டும் சி.எஃப்.எல்.லும் வீட்டு அபாயக் கழிவு, தனியாகச் சேகரிக்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லிவிட்டன. திரும்ப வாங்குவது தயாரித்தவர் பொறுப்பு. 2027-க்குள் இவற்றின் உற்பத்தியையே நிறுத்துவதாக மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-ல் முடிவெடுத்தன. நல்லதுதான். ஆனால், கழற்றுகிற பழசெல்லாம் இப்போதுதானே குப்பைக்கு வரும்?

உங்கள் வீட்டில் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு கால் மணி நேரம் வெளியே இருங்கள். துடைப்பம் வேண்டாம், பொடி பறக்கும். கெட்டி அட்டையால் அள்ளி, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில் அடையுங்கள்.

உடையாமல் மிச்சமிருந்தவற்றை எல்.இ.டி. வந்த அட்டைப்பெட்டியில் அடுக்கித் தனியாக வைக்கச் சொன்னேன். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"வெச்சு? யார் சார் வந்து வாங்கிக்குவாங்க?"