தினக்குறிப்பும் தன்விசாரணையும்

சித்திரைப் புத்தாண்டிலே மருத்துநீர் தேய்த்து நீராடுதல் நம்மவர் வழக்கம். அதனால் உடலழுக்கு நீங்கும். சென்ற ஆண்டிலே மனத்திற் படிந்த அழுக்கை அறிதற்கு யாது வழி? தினக்குறிப்பு எழுதுதலே என்பர் சிலர். அதனை ஆராய்வாம்.

புதுச்சேரியில் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை தினக்குறிப்பு எழுதினார். 1748இல் அங்கே வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்ட கொடுஞ்செய்தியை நாம் விரிவாக அறிவது அவர் எழுத்தினாலன்றோ! ஆயினும், அது பெரும்பாலும் ஊர்நடப்பையும் பிறர்செயலையும் கூறுவது, தன்விசாரணைக்கென எழுந்ததன்று. நம் பாடசாலைச் சம்பவத்திரட்டும் அத்தன்மையதே. வரவும் விடுமுறையும் அதிகாரிகள் வருகையும் அதிலுள. ஆசிரியர் சினத்தினால் ஒரு பிள்ளை கல்வியை வெறுத்த செய்தி அதிலில்லை.

முற்றுமுணர்ந்த சிவபெருமானுக்கு நம் ஏடு எதற்கு எனின், ஏடு அவர்பொருட்டன்று, மறதியுடைய நம்பொருட்டேயாம். மறதியோ தன்குற்றத்தை முன்னரும் பிறர்குற்றத்தைப் பின்னரும் விழுங்குவது. அப்பரடிகள் சமணஞ் சார்ந்து கழித்த காலத்தை மறைத்தாரல்லர். நினைந்து இரங்கிப் பாடினார். இரங்கியதோடு அமையாது, உழவாரம் ஏந்தித் திருப்பணியும் செய்தார்.

கரடியனாற்று உழவர் பொலிதூற்றிப் பதரை நீக்கியபின், அதனை எண்ணிக்கொண்டிரார், விதைநெல்லைப் பேணுவர். ஆசிரியர்காள்! ஆண்டிறுதியிலே, யாருக்குத் தீங்கிழைத்தோம், அதற்கு ஈடாக யாது செய்வோம் என்னும் இரண்டனையும் எழுதுவாமாக. பின்னையது இல்லாத குறிப்பு வெறும் பதர்க்கணக்கேயாம்.