நூலால் பதில் சொல்ல முடியுமா?

எத்தனை முறை கேட்டாலும் எழுத்து ஒன்றையே திரும்பச் சொல்லும். ஐயத்துக்கு விடை தராது. பிளேட்டோவின் ‘பைட்ரஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் வைக்கும் குற்றச்சாட்டு இது. விரிவுரையை வீட்டிலேயே காணொளியாகப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வரச்சொல்லும் தலைகீழ் வகுப்பறைக்கும் இது பொருந்தும். ஆனால் நூறு பேர் தலைகுனிந்து குறிப்பெடுக்க, ஆசிரியர் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினால் அவரும் அந்த எழுத்தைப் போன்றவரே. நேரில் பேசுவதாலேயே பேச்சு உரையாடல் ஆகிவிடாது. அப்படியானால் கூடியிருக்கும் நேரம் எதற்கு? வீட்டுக் காணொளியையும் வகுப்பையும் இணைக்கும் கலப்புமுறைப் பாடத்தை வடிவமைப்பவர் மென்பொருளைத் தேடுவதற்கு முன் இதற்கு விடை காண வேண்டும்.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர், நியூட்டன் விதிகள் பற்றிய எளிய கருத்து வினாக்களைத் தம் மாணவர்களிடம் கொடுத்தார். கடினமான கணக்குகளைப் போட்டவர்களே அவற்றில் தடுமாறினார்கள். நீங்கள் கற்பித்தபடி எழுதவா, நான் நினைப்பதுபோல் எழுதவா என்று ஒரு மாணவி கேட்டார். கேட்டதும் நம்பியதும் ஒரே மனத்தில் தனித்தனியே குடியிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1991 முதல் மசூர் வகுப்பில் வினா எழுப்பி, தனியே விடை எழுதவைத்து, பக்கத்திலிருப்பவரோடு வாதிடவிட்டு, மீண்டும் விடை கேட்டார். நன்னூலின் பொதுப்பாயிரம் போடும் கணக்கும் இதுதான்: ஆசிரியர் சொல்வதை நன்றாக உள்வாங்கினாலும் கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைத்தால் மீதி அரை. முதல் கால் பங்கை வீட்டுக்கு அனுப்பலாம். மற்ற முக்காலுக்கு ஆட்கள் வேண்டும்.

இப்படிப் படித்தால் ஒன்றும் கற்றதாகத் தோன்றவில்லை என்று மாணவர்கள் முறையிடுவதுண்டு. அந்த உணர்வு உண்மை. ஆனால் அது அளவுகோல் ஆகாது. 2019இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில், தாங்களே முயன்று கற்கும் செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள், விரிவுரை கேட்டவர்களைவிடத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆனாலும் குறைவாகக் கற்றதாகவே எண்ணினார்கள். சரளமான விரிவுரை, புரிந்துவிட்டது என்ற மயக்கத்தையும் சேர்த்தே தருகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஒரே கைபேசியை மூவர் பகிரும் வீட்டில் காணொளி ஒரு மூடிய கதவு. இதற்குச் சமாதானம் சொல்லக் கூடாது. வடிவமைப்பை மாற்ற வேண்டும். அச்சிட்ட நான்கு பக்கம் போதும், அல்லது கல்லூரியிலேயே படிக்க அரை மணி ஒதுக்கலாம். காணொளி எடுக்கச் செலவாகும் உழைப்பில் பாதியையாவது, மாணவர் உண்மையாகவே தவறாக நம்புவது எது என்று கண்டறிந்து அதைத் தொடும் ஒரு வினாவை உருவாக்கச் செலவிடலாம்.