ஒரே ஒரு பேக்ஸ்லாஷ்!

"மேதைகள் எழுதிய நிரல். அதில் நான் என்ன ஓட்டையைக் கண்டுபிடித்துவிடப் போகிறேன்?"

இதுதானே உன் சாக்கு?

சூடோவைத் தெரியுமா உனக்கு? லினக்ஸில் யாருக்கு ரூட் என்ற முழு அதிகாரம், யாருக்கு இல்லை என்று பார்த்து விடும் கட்டளை. 2011-இல் அதற்குள் ஒரு பிழை புகுந்தது.

கொடுக்கும் உள்ளீட்டின் கடைசியில் ஒரே ஒரு பேக்ஸ்லாஷ். அவ்வளவுதான்! முடிவுக்குறியைத் தாண்டிப் படித்து, ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியேயும் எழுதிக்கொண்டே போனது சூடோ. அதைப் பிடித்துக்கொண்டு, எந்த அனுமதியும் இல்லாத சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடலாம்!

குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் இதை வெளியிட்டது எப்போது? 2021 ஜனவரியில்!

ஏறத்தாழப் பத்து ஆண்டு! மூலநிரலைப் பூட்டியா வைத்திருந்தார்கள்? திறந்துதானே கிடந்தது! "வேறு யாராவது பார்த்திருப்பார்கள்" என்று நினைத்த கூட்டத்தில் நீயும் உண்டுதானே?

"எனக்கு சி மொழி அரைகுறை." அடுத்த சாக்கா?

1988. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், வீட்டிலிருந்து டயல்-அப்பில் வேலை செய்கிறார். வெளியே இடி மழை. தொலைபேசிக் கம்பியில் இரைச்சல். அது குப்பை எழுத்துகளாக உள்ளே போகப் போக, யூனிக்ஸ் கட்டளைகள் பொத்துப் பொத்தென்று விழுகின்றன!

நீயாக இருந்தால் மோடத்தைத் திட்டிவிட்டுப் படுத்திருப்பாய். அவர் அதையே மாணவர்களுக்கு வகுப்பு வேலையாகக் கொடுத்தார். வாய்க்கு வந்ததை உளறும் ஒரு நிரல் எழுது. உளறலைக் கட்டளைகளுக்கு ஊட்டு. விழுகிறதா, பார்!

1990-இல் முடிவு வெளியானது. சோதித்த எந்த யூனிக்ஸ் வகையை எடுத்தாலும் 25 முதல் 33 சதவீதக் கட்டளைகள் கவிழ்ந்தன! கவிழ்த்தவர்கள் மாணவர்கள்!

காரணங்களில் ஒன்று, உள்ளீட்டைப் படிக்கும் கெட்ஸ் என்ற சி செயற்கூறு. உழக்குக்குள் மரக்கால் நெல்லைக் கொட்டினாலும் வாயைத் திறந்துகொண்டே இருக்கும் ஜென்மம் அது! அதே 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு என்ற தீநிரல், ஃபிங்கர் சேவையில் இருந்த 512 பைட் இடத்துக்குள் 536 பைட்டைத் திணித்தது இதே கெட்ஸ் வழியாகத்தான். சி மொழித் தரத்திலிருந்து அதைத் தூக்கி எறிய 2011 ஆயிற்று. தரம் வகுக்கிறவர்களே அவ்வளவு மெத்தனம்! உனக்கு மட்டும் காலம் கடந்துவிட்டதா?

தோல்விக்குப் பயமா? தோற்கத்தான் போகிறாய்! நிரல் கவிழாமல் நின்றால், அன்றைக்குத் தோற்றது நீ. பெரும்பாலான இரவுகளில் அது நிற்கும். நிற்கட்டுமே! உள்ளீட்டை மாற்று. மறுபடி கொட்டு!

உட்கார்! உன் கணினியில் மட்டும். அடுத்தவர் கணினியை அனுமதியின்றித் தொட்டால் அது குற்றம். சின்னக் கட்டளைக் கருவி ஒன்றின் மூலநிரலை இறக்கு. நினைவகப் பிழைகளைப் பிடித்துக் காட்டும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய். வெற்று உள்ளீடு கொடு. லட்சம் எழுத்து கொடு.

கவிழ்ந்ததா? எழுதியவருக்கு முதலில் தனியாகச் சொல். திருத்தத்தையும் நீயே எழுதி அனுப்பு!