சூதாடியின் பற்றின்மை

கடதாசி ஆட்டத்திலே தேர்ந்த ஒருவரைப் புகழ்வோர், "அவருடைய முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்வது வழக்கம். வென்றாலும் அவர் சிரிப்பதில்லை, தோற்றாலும் முகஞ்சுளிப்பதில்லை. கையிலே நல்ல கடதாசி வந்தபோதும் அவர் விரல் பதறுவதில்லை. போக்கர் முதலிய ஆட்டங்களைக் கற்பிக்கும் நூல்கள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. ஆட்டத்தின் முடிவை எண்ணி மகிழவோ வருந்தவோ வேண்டாம். எடுத்த தீர்மானம் சரியானதா என்பதை மட்டுமே நோக்குக என்று அவை அறிவுறுத்துகின்றன.

இவ்விலக்கணத்தைக் கேட்கும் தமிழ் மாணவன் சற்றே திடுக்கிடாமல் இருக்க முடியாது. இன்பதுன்பங்களை ஒப்ப நோக்குதல், பயனிற் பற்றுவையாது கருமத்தை ஆற்றுதல் என்பன ஞானிக்கும் துறவிக்கும் நம் முன்னோர் வகுத்த இலக்கணங்கள் அல்லவா? காட்டிலும் மடத்திலும் தேடப்பட்ட பொருள் சூதாட்ட மேசையிலே கிடைக்குமாயின், அதனை நாம் எவ்வாறு மதிப்பது? உணர்ச்சியை அடக்கியாளுதல் என்பது எங்கு நிகழினும் நற்குணந்தானா? அன்றி, அது எதற்குப் பணி செய்கிறது என்பதைப் பொறுத்தே அதன் நன்மை தீமை அமையுமா?

இவ்வினாவை நான் நூல்களிலிருந்து மட்டும் பெற்றேனல்லேன். ஆசிரியத் தொழிலில் முதன்முதலாக அமர்ந்தபோது, ஊரிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள ஒரு கிராமத்துப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டேன். மாலையில் விடுதியிலே பொழுதுபோக்குக்கு முந்நூற்றுநாலு ஆடுவோம். ஒவ்வோரினத்துக்கும் எழுபத்தாறாக நான்கினத்துக்கும் 304 புள்ளி கொண்ட அந்த ஆட்டத்திலே பங்காளி உண்டு, துரும்பு உண்டு, சத்தமும் சண்டையும் உண்டு, பணம் இல்லை. ஆனால் சம்பள நாளன்று இரவு மட்டும் ஆட்டம் மாறிவிடும். மூன்று கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு பணயத்தை ஏற்றிச் செல்லும் ஆட்டம் அது. எனக்கு அதனைப் பழக்கிய மூத்த ஆசிரியர் ஒருவர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, கையில இருக்கிற கடதாசியை ஆரும் ஆடலாம். முகத்தை ஆடத் தெரிய வேணும்."

நான் முகத்தை ஆடக் கற்றுக்கொண்டேன். இலக்கியம் படித்தவனாகையால் அதற்கு ஒரு தத்துவப் பெயரும் சூட்டிக்கொண்டேன். தோல்வியிலே துவளாமையை மனப்பயிற்சி என்றும், வெற்றியிலே துள்ளாமையை அடக்கம் என்றும் எண்ணினேன். ஒரு சம்பள நாளிலே பாடசாலைக் காவலாளியும் எங்களோடு வந்து அமர்ந்தார். முதலிற் சிறிது வென்றார். பின்னர் தோற்கத் தொடங்கினார். தோற்கத் தோற்கப் பணயத்தை ஏற்றினார். அவர் கை நடுங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நடுக்கமே எனக்கு வழிகாட்டியாயிற்று. எப்பொழுது ஏற்ற வேண்டும், எப்பொழுது ஒதுங்க வேண்டும் என்று அது சொல்லிற்று. நள்ளிரவுக்குள் அவருடைய மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி என் முன்னே கிடந்தது. அன்று நான் பெருமைப்பட்டது பணத்துக்காக அன்று. 'இவருக்குத் தம்மை ஆளத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது' என்பதே என் பெருமை.

திங்கட்கிழமை காலையில் அவர் வழக்கம்போலப் படலையைத் திறந்துவிட்டு, "வணக்கம் சேர்" என்றார். நான் பழக்கி வைத்திருந்த முகம் அப்பொழுது எனக்கு உதவவில்லை. பின்னேரம் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "அது உங்கட காசு, சேர். ஆடித் தோத்ததைத் திருப்பி வாங்கினா நான் மனிசனோ?" என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டிலே அந்த மாதம் எவ்வாறு கழிந்தது என்பதை நான் விசாரிக்கவில்லை. விசாரியாமலிருக்கவும் அந்தப் பயிற்சி எனக்குக் கைகொடுத்தது என்பதை இப்பொழுது உணர்கிறேன்.

இனி வினாவை ஆராய்வோம். உணர்ச்சிவசப்பட்டு ஆடுபவன் இழப்பான் என்பதிலே உண்மை இல்லாமலில்லை. டானியல் கானமன், அமொஸ் ற்வேர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவர் 1979 இல் வெளியிட்ட ஆய்வு, சமமான இலாபம் தரும் மகிழ்ச்சியிலும் இழப்புத் தரும் வேதனை பெரிதாக இருப்பதையும், இழப்பைத் தவிர்க்கும் ஆசையிலே மனிதர் துணியத்தகாத ஆபத்துக்கும் துணிவதையும் எடுத்துக்காட்டியது. காவலாளி பணயத்தை ஏற்றிக்கொண்டே போனதற்குக் காரணம் இதுவே. திருவள்ளுவரும் சூது என்னும் அதிகாரத்தை, இழக்குந்தோறும் சூதின்மேற் காதல் வளர்வதைக் கூறியே முடிக்கிறார். ஆனால் அவர் அதற்கு மருந்தாக அமைதியாக ஆடும்படி சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வெல்வதாயினும் சூதை விரும்பாதே என்றே அவர் அதிகாரத்தைத் தொடங்குகிறார். தோல்வியை மட்டுமன்றி வெற்றியையும் அவர் தூண்டிலாகக் கண்டார்.

அமைதியே வெற்றிக்கு வழி என்று நம்பியவருள் தொஸ்தயெவ்ஸ்கியும் ஒருவர். 1863 இல் ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரிலே சுழல்வட்டில் ஓரளவு பணம் வென்ற அவர், ஒவ்வொரு கணமும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டு பதறாமல் ஆடுவதே வெற்றியின் இரகசியம் என்று உறவினருக்குக் கடிதம் எழுதினார். அதன் பின்னரும் எத்தனையோ முறை கையிலிருந்ததெல்லாம் இழந்தார். 1866 இல் 'சூதாடி' என்னும் நாவலை இருபத்தாறு நாட்களிற் சொல்லி எழுதுவித்தார். மறு ஆண்டு பாடன்-பாடனிலே மனைவியின் நகைகளையும் அடகுவைத்தார். 1871 இலேயே அப்பழக்கம் அவரை விட்டகன்றது. மனித உள்ளத்தின் இருண்ட மூலைகளையெல்லாம் அறிந்த அப்பேரறிஞர், சுழல்வட்டுக்கு அவருடைய உள்ளம் எந்நிலையில் இருந்தாலும் ஒன்றுதான் என்பதை அறிய எட்டாண்டுகள் சென்றன.

சுழல்வட்டு வேறு, கடதாசி வேறு. கடதாசியிலே திறமைக்கு இடமுண்டு என்று கூறுவோர் உளர். அது மெய்யே. இந்திய உச்ச நீதிமன்றம் 1968 இல் றம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று கூறிற்று. கைத்தொலைபேசியிலே கடதாசி ஆட்டுவித்துப் பணம் திரட்டிய கம்பனிகள் பின்னர் அத்தீர்ப்பையே கேடயமாகப் பிடித்தன. 2025 இல் இந்தியப் பாராளுமன்றம் இணையத்திற் பணம் வைத்தாடும் ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. திறமை உண்டு என்பதனால் ஓர் ஆட்டம் தீங்கற்றதாகிவிடாது.

சிறிய கணக்கொன்றைப் பார்ப்போம். நால்வர், தலைக்கு ஆயிரம் ரூபாவுடன் ஒரு மேசையில் அமர்கின்றனர். ஒவ்வொரு சுற்றிலும் நடுவிலே சேரும் பணம் இருநூறு ரூபா. அதில் நூற்றுக்கு ஐந்து வீதம், அதாவது பத்து ரூபா, மேசை நடத்துபவனுக்கு. நூறு சுற்று முடியும்போது நாலாயிரம் ரூபா மூவாயிரமாகிவிடும். நால்வரும் கோபத்தை வென்ற முனிவர்களாயிருந்தாலும் இக்கணக்கு மாறாது. அவர்கள் திறமையிலும் அடக்கத்திலும் சமமானவர்களாயின், காலம் செல்லச்செல்ல நால்வரும் இழப்பர். மேசை நடத்துபவன் ஒருவனே பெறுவான். ஒருவன் வெல்ல வேண்டுமாயின் மற்றொருவன் நிலைகுலைய வேண்டும்.

சூதாடியின் பற்றின்மைக்கும் மெய்யான நற்குணத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. வாய்மை, அன்பு, உழைப்பு முதலிய குணங்கள் எல்லோருக்கும் வாய்த்தால் உலகம் நலம்பெறும். சூதாடியின் பற்றின்மையோ எல்லோருக்கும் வாய்த்தால் பயனற்றுப் போகும். அதன் விலை முழுவதும் மற்றவனிடம் அது இல்லாமையிலேயே தங்கியிருக்கிறது. காவலாளியின் கை நடுங்காதிருந்தால் என் அமைதிக்கு என்ன பெறுமதி? பிறனுடைய பலவீனத்தை முதலாகக் கொண்டு வட்டி பெறும் குணத்தை அறம் என்று எவ்வாறு கூறுவது?

உணர்ச்சியின்மைதான் சிறப்பென்றால் இயந்திரத்தை விஞ்சிய ஞானி இல்லை. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலே, லிப்றாற்றஸ் என்னும் கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரருடன் இருபது நாள் போக்கர் ஆடி, 120,000 ஆட்டங்களின் முடிவில் அவர்களை வென்றது. அது அஞ்சவில்லை, ஆசைப்படவில்லை, பழிவாங்க நினைக்கவுமில்லை. எனினும் அதனை அடக்கமுடையது என்று எவரும் போற்றமாட்டார். அடக்குவதற்கு ஏதேனும் இருந்தாலன்றோ அடக்கம்? எதனை அடக்குகிறோம், எதற்காக அடக்குகிறோம் என்ற வினாக்களை நீக்கிவிட்டால், எஞ்சுவது ஒரு பொறியின் செயல் மட்டுமே.

அன்றிரவு நான் எதனை அடக்கினேன்? இழந்துவிடுவேனோ என்ற அச்சத்தை அடக்கினேன், அது சரி. ஆனால் அதே கையோடு, எதிரே இருந்தவர்மீது எழுந்த இரக்கத்தையும் அடக்கிவிட்டேன். உணர்ச்சியை அடக்கும் பயிற்சிக்குத் தெரிந்தெடுக்கும் ஆற்றல் இல்லை. தன் இழப்பை உணராதிருக்கப் பழகியவன், பிறன் இழப்பையும் உணராதிருக்கப் பழகிவிடுகிறான்.

இது ஒரு விடுதி மேசையோடு நின்றுவிடும் செய்தியன்று. பங்குச் சந்தையிலே பொருளின் விலை ஏறும் இறங்கும் என்று பந்தயம் பிடிப்பவனிடமும், கணக்கு ஏட்டைப் பார்த்துத் தொழிலாளரை வேலைநீக்கம் செய்பவனிடமும் இதே குணம் வேண்டப்படுகிறது. 'உணர்ச்சிக்கு இடங்கொடாத நிருவாகம்' என்று அது பாராட்டவும் படுகிறது. தோற்றவனுக்கோ, 'உன்னை நீ ஆளத் தெரியாமல் இழந்தாய்' என்ற உபதேசம். மேசையின் அமைப்பிலே உள்ள குற்றம் ஆட்டக்காரனின் மனக்குற்றமாக மாற்றப்படுகிறது. 2022 ஏப்ரிலில் நம் நாடு வெளிநாட்டுக் கடனைக் கொடுக்கவியலாதென்று அறிவித்தது. அவ்வாண்டு எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மக்கள் எந்த மேசையிலும் அமர்ந்து ஆடியவரல்லர். ஆனால் பணயம் அவர்களுடையதாயிருந்தது.

அவ்வாறாயின் ஞானியரின் பற்றின்மை? உரோமப் பேரரசிலே அடிமையாய் வாழ்ந்து பின் விடுதலைபெற்ற எபிக்ரேற்றஸ் என்னும் தத்துவஞானி, வாழ்க்கையைப் பகடையாட்டத்துக்கு உவமித்தார். பகடை எப்படி விழும் என்பது நம் கையில் இல்லை. விழுந்ததைக் கவனமாகப் பயன்படுத்துவதே நம் கடமை என்பது அவர் கருத்து. சூதாடியின் உபதேசமும் இதுவே போலத் தோன்றும். ஆனால் அடிமை தன் மேசையைத் தானே தெரிந்தெடுத்தவனல்லன். மாற்றவியலாததைத் தாங்குவதற்கு அவன் கண்ட உறுதி அது. சூதாடியோ எழுந்துபோகக்கூடிய மேசையிலே இருந்துகொண்டு, பிறனைத் தோற்கடிப்பதற்கு அவ்வுறுதியை இரவல் வாங்குகிறான். பயனிலே பற்றறுத்துக் கருமஞ்செய் என்னும் போதனைக்கும் இது பொருந்தும். பயனைப் பாராதே என்பது சரி. கருமம் எத்தகையது என்பதையும் பாராமலிருக்க முடியுமா?

பாரதக் கதையிலே சூதாடியவன் தருமன். பொறுமைக்கும் அமைதிக்கும் பேர்போனவன். நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், மனைவியையும் வைத்தான். அந்தச் சபையிலே அறத்தின் குரல் அமைதியாயிருந்தவர்களின் வாயிலிருந்து எழவில்லை. தன்னை இழந்தவனுக்கு என்னை வைக்க உரிமை ஏது என்று கேட்ட பாஞ்சாலியின் சினத்திலிருந்தும், ஆடிய கைகளை எரிக்க வேண்டும் என்று கொதித்த வீமனின் ஆத்திரத்திலிருந்துமே அது எழுந்தது. 1912 இல் முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்திலே, நாட்டைப் பணயம் வைத்த மன்னனைப் பாரதியார் தம் கூற்றாகவே இடித்துரைத்தார். அரசர்கள் குடிமக்களை மனிதராக எண்ணாமையே அதற்குக் காரணம் என்றார். அநீதியின் முன்னே கலங்காத முகம் பெருமைக்குரியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

உணர்ச்சிக்கு அடிமையாகுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வகுப்பறையிலே கோபத்தை அடக்காத ஆசிரியனும், போராட்டத்திலே அச்சத்தை அடக்காத தொழிலாளியும் தம் பணியைச் செய்ய முடியாது. ஆயினும் அங்கே உணர்ச்சி அடக்கப்படுவது இன்னொருவருக்கு நன்மை செய்வதற்காக. மேசையிலே அடக்கப்படுவது இன்னொருவரிடமிருந்து பறிப்பதற்காக. முகம் இரண்டிடத்தும் ஒன்றாகவே தோன்றலாம், அறம் ஒன்றன்று.

இப்பொழுது மாணவர் கையிலே தொலைபேசி இருக்கிறது. அதற்குள்ளே மேசையும் இருக்கிறது. எதிரே அமர்ந்திருப்பவரின் நடுங்கும் கை மட்டும் அங்கே தெரிவதில்லை. அதனால் இரக்கத்தை அடக்கும் சிரமமும் இல்லாமற் போயிற்று. அவர்களுக்கு நிதானமாக ஆடும் முறையைக் கற்பிப்பது நம் வேலையன்று. எவருடைய கை நடுங்குகிறது, எதனால் நடுங்குகிறது, அந்நடுக்கத்தால் இலாபமடைபவர் யார் என்று கேட்கக் கற்பிப்பதே நம் வேலை.

அந்தக் காவலாளி என்னிடம் வாங்க மறுத்த பணத்தை நான் பின்னர் என்ன செய்தேன் என்பது எனக்கு நினைவில்லை. அவர் படலையைத் திறந்துவிட்டு வணக்கம் சொன்ன அந்தக் காலை மட்டும் நினைவிருக்கிறது. அன்று என் முகம் கலங்கியது. அதன்பின் நான் பணம் வைத்து ஆடியதில்லை.