உடம்பும் உடையவரும்

ஒருவர் தம்மைத் தாம் அறிந்தபடி எடுத்துச் சொல்லியும் பிறரால் நம்பப்படாதிருத்தல் மிகக் கொடிய துன்பமாகும். ஆணெனப் பதியப்பட்டுத் தம்மைப் பெண்ணென உணருந் திருநங்கையரும், பெண்ணெனப் பதியப்பட்டுத் தம்மை ஆணென உணருந் திருநம்பியரும் இத்துன்பத்தை நெடுங்காலமாக அநுபவித்து வருகின்றனர். இவரைச் சமுதாயம் ஏற்றலும், இவர் வேண்டும் வைத்தியத்தை வழங்கலும் தருமமாமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியம் பேடியென்று கூறப்பட்டோரை உயர்திணையுள்ளேயே வைத்து இலக்கணம் வகுத்தது. அதனை மாணாக்கருக்குக் கற்பிக்கும் நாம், தெருவிலே இவரை ‘அது’ என்று சுட்டுவாரைக் கண்டும் வாளாவிருத்தல் தகுமோ?

உடம்பை வைத்தியத்தால் மாற்றுதல் இயற்கைக்கு விரோதமென்பார் சிலர். பிறவியிலே பிளந்த உதட்டைத் தைத்தலை எவரும் விரோதமென்றிலர். அது உடற்குறை, இது மனநோயெனின், உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாடு, இந்நிலையை மனநோய்களினின்று நீக்கிப் பாலியல் நலம் பற்றிய பகுதியிலே வைத்தமை காண்க.

பின்னர் மனம் மாறினால் மீளலாகுமோ என்று வேறு சிலர் வினவுவர். இது தள்ளத்தக்க வினாவன்று. ஆதலினாலேயே, நன்மை தீமைகளை நன்கறிந்து, உடையவர் தாமே இசைந்தபின் சத்திரசிகிச்சை செய்தல் வேண்டும் என்கின்றோம். ஆயின், இவ்வினாவை எல்லாரிடத்தும் ஒப்பக் கேட்டோமா? பிறக்கும்போதே ஆண் பெண் என்று உறுப்பினால் தெளியப்படாத குழந்தைகள் உளர். அவரை ஒரு பாலாக்கும்பொருட்டு, பேச்சு வருமுன்னரே சத்திரசிகிச்சை செய்தல் பலவிடத்தும் வழக்கமாயிருந்தது. ஆங்கே மீளாமையை நினைத்தவர் மிகச் சிலரே. கேட்பவர்க்கு மறுத்தலும், கேட்கவியலாதவர்க்குச் செய்தலும் வேறு வேறு போலத் தோன்றினும் குற்றம் ஒன்றே. உடையவரின் நலத்தை விடுத்து, காண்பவரின் கூச்சத்துக்கு மருந்து தேடுதலே அக்குற்றமாம்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2019 ஏப்ரல் 22இல் அளித்த ஒரு தீர்ப்பிலேயே இருவகையாரையுங் கருதிற்று. தூத்துக்குடிக் கோயிலொன்றிலே 2018இல் ஓர் ஆடவருக்கும் திருநங்கையொருவருக்கும் நிகழ்ந்த விவாகத்தைப் பதியுமாறு கட்டளையிட்டது. அத்தகைய குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தலைத் தடுக்குமாறும் பணித்தது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு, உயிராபத்து நேருமிடமொழிய அதனைத் தடைசெய்தது. நமது இலங்கையிலும், 2016இல் வெளிவந்த சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை, பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ள வழிசெய்தது.

பதிவேட்டைச் சட்டம் திருத்தும். வகுப்பறையின் ஏளனத்தைத் திருத்தச் சட்டம் உள்ளே வாராது. மாணாக்கரொருவர் தம் நிலையைச் சொல்ல வாய்திறக்கும்போது, நகையாது கேட்டு, தக்க வைத்தியரிடத்து ஆற்றுப்படுத்தலும், ஏனையோர் நகையாதபடி காத்தலும் ஆசிரியர் கடனென்று துணிகின்றோம்.